‘ஆஃப்’ வரை வந்த வாக்கியம்

எட்டாவது விடைத்தாளில் தங்கத்தின் சிவப்புப் பேனா நின்றுவிட்டது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை, ஒரு மூக்குதான் காரணம். ஊருக்கு வந்த அண்ணனைப் பற்றி நண்பனுக்குக் கடிதம் எழுது என்ற கேள்விக்கு, எந்த ஊர் என்று தெரியாத பிள்ளை ஒன்று, மை கசிகிற பேனாவால், தி நோஸஸ் ஆஃப் அஸ் ஆர் சேம் என்று எழுதி வைத்திருந்தது. எங்க ரெண்டு பேரு மூக்கும் ஒண்ணுபோல இருக்கும் என்று வீட்டில் சொல்வதை அப்படியே தூக்கி இங்கிலீஷ் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறது. தப்புதான். பத்தாம் வகுப்புக்கு இருபத்திரண்டு வருஷமாக இங்கிலீஷ் எடுக்கிற ஆவுடைத்தங்கத்துக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பு என்று தெரியும். எங்கள் என்பதற்கு அவர் போட்டு அவர் நோஸஸ் என்று சொல்லவேண்டும், நோஸஸ் ஆஃப் அஸ் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் பாதியை இந்தப் பிள்ளை சரியாகப் பிடித்திருக்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியம். மூக்கு என்று எழுதாமல் மூக்குகள் என்று எழுதியிருக்கிறது. தமிழில் பிள்ளைகள் தலையைச் சொறிந்தார்கள் என்றால் போதும், நாற்பது பிள்ளைக்கும் சேர்த்து ஒரு தலை, யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். வெள்ளைக்காரனுக்கு அது ஆகாது. நாற்பது பேர் என்றால் நாற்பது தலையும் வாக்கியத்துக்குள் வந்து நிற்கவேண்டும். ஹெட்ஸ், நோஸஸ், ஹார்ட்ஸ். ஆளுக்கு ஒன்று உண்டென்றால் பன்மை, எல்லாருக்கும் சேர்த்தே ஒன்றுதான் என்றால் ஒருமை. த மதர்ஸ் ஆஃப் த கேர்ள்ஸ் என்றால் வேறு வேறு வீட்டுப் பெண்கள். த மதர் ஆஃப் த கேர்ள்ஸ் என்றால் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒரு சின்ன ஸ் போதும், யார் யாருக்கு என்ன உறவு என்று ஊருக்கே சொல்லிவிடும். த ஃபாதர் ஆஃப், என்று அவள் மனம் தானாகவே அடுத்ததைத் தொடங்கிவிட்டு, தொட்டால் சுடும் என்பதுபோல் கையை இழுத்துக்கொண்டது.

காலையிலிருந்து அந்த ஆஃபிலேயேதான் கிடக்கிறாள். அப்பா பூதத்தான் செத்து இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். ஞாயிற்றுக்கிழமை பதினாறு. பதினாறாம் நாள் விசேஷத்துக்குக் கார்டு அடிக்கவேண்டும், ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் இங்கிலீஷ். தம்பி சொரிமுத்து மஸ்கட்டில் இருப்பதால் அவன் பெண்டாட்டி வீட்டார் இங்கிலீஷ் பக்கமும் இருந்தால்தான் மரியாதை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் ஒரு இங்கிலீஷ் டீச்சர் இருக்கும்போது வெளியில் யாரிடம் எழுதி வாங்குவது என்று வேலை தங்கத்தின் தலையில் விழுந்தது. மதியம் ஒரு மணிக்குள் சொல்லிவிடவேண்டும், அதற்குமேல் என்றால் மிஷின் ஒரு கல்யாணக் கார்டுக்குப் போய்விடும் என்று அச்சகத்துக்காரர் சொல்லியிருந்தார். பைக்குள் நாலாக மடித்த தாளில், இன் மெமரி ஆஃப் பூதத்தான், ஃபாதர் ஆஃப், என்பது வரை எழுதியிருந்தாள். அதற்கப்புறம் வெள்ளை. விடைத்தாள் திருத்துகிற இடத்துக்குள் செல்போன் கொண்டுவரக்கூடாது என்பதால் அது வாசலில் டோக்கன் போட்ட பெட்டியில், வாய் மூடிக் கிடக்கிறது. ஆனால் கொடுப்பதற்கு ஒரு நிமிஷம் முன்னால் வந்த செய்தியை அவள் படித்துவிட்டாள். டீச்சர், ஞாயித்துக்கிழமை நான் வரலாமா, பந்தலுக்கு வெளிய நின்னுக்கிடுதேன். அனுப்பியவன் உச்சிமாகாளி, அப்பாவைப்போலவே பம்புசெட் மெக்கானிக், இருப்பது கடையத்தில். அப்பாவின் மகன். அவளுடைய அம்மா வயிற்றில் பிறக்காத மகன்.

அரை மார்க் போடலாமா என்று பேனா முனை மூக்குக்கு மேல் சுற்றியது. ஃபாதர் ஆஃப் அஸ் ஏன் நொண்டுகிறது என்று யோசித்தாள். இலக்கணப் புத்தகம் காரணம் சொல்லாது, வழக்கம் என்று சொல்லிக் கழன்றுகொள்ளும். ஃபாதர் ஆஃப் அஸ் என்றால் காலில்லாத நாற்காலிபோல் சாய்கிறது. ஆனால் ஃபாதர் ஆஃப் போத் ஆஃப் அஸ் என்றால் நிற்கிறது. ஃபாதர் ஆஃப் அஸ் த்ரீ என்றாலும் நிற்கிறது. எண்ணிக்கை ஒன்றை முட்டுக்கொடுத்தால் போதும், வாக்கியம் எழுந்து நடக்கும். இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் இது அவளுக்கு உறைத்ததில்லை. இந்த மொழிக்கு நாங்கள் என்றால் திருப்தி இல்லை, எத்தனை பேர் என்று கேட்கிறது. ரெண்டா, மூணா, சொல்லிவிட்டுப் போ என்று வழிமறிக்கிறது. தமிழ் அப்படியில்லை, எங்கப்பா என்றால் போதும். ஒற்றைப் பிள்ளையாய்ப் பிறந்தவளும் எங்கப்பா என்றுதான் சொல்லுவாள், அந்த எங்க என்பதற்குள் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று யாரும் விளக்கு பிடித்துப் பார்ப்பதில்லை. ஒளிந்துகொள்ள நல்ல இடம். நாற்பத்தெட்டு வருஷமாக அவள் அதற்குள்தான் இருக்கிறாள். வகுப்பில் அவள் ஒரு வேடிக்கை சொல்வதுண்டு. எங்க வீட்டுக்காரர் என்பதை அப்படியே இங்கிலீஷில் அவர் ஹஸ்பண்ட் என்று சொல்லிவிடாதீர்கள், ஊர் சிரிக்கும் என்பாள். பிள்ளைகள் சிரிக்கும். அப்பா விஷயத்தில் மட்டும் அது இலக்கணப்படி சுத்தமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றியது. அம்பாசமுத்திரத்தில் ஒரு வீட்டுக்காரி, கடையத்தில் ஒரு வீட்டுக்காரி, ரெண்டு பேரும் சேர்ந்து அவர் ஹஸ்பண்ட் என்று சொன்னால் எந்த எக்ஸாமினரும் சுழிக்க முடியாது. ரெண்டு பேரும் இப்போது இல்லை. சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பை இருமலாக மாற்றினாள்.

பத்தொன்பது வயதில் கடையம் பஸ் ஸ்டாண்டில் அப்பாவைப் பார்த்தாள். சிநேகிதியின் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிற நேரம், வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிறாள், எதிர் சாரியில் அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறார். ஹாண்டில்பாரில் தூக்குச்சட்டி தொங்குகிறது. தூக்குச்சட்டிக்குப் பச்சை மூடி. அவர்கள் வீட்டில் பச்சை மூடி போட்ட தூக்குச்சட்டி கிடையாது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் பார்க்கவில்லை. வேலைக்குப் போன வீட்டில் யாரோ சோறு போட்டு அனுப்பியிருக்கலாம், ஆனால் அப்படியில்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை அவளுக்கே விளங்கவில்லை. அப்பா அவளைப் பார்த்தார், தூக்குச்சட்டியைப் பார்த்தார், பஸ் வந்துட்டு பாரு என்றார். பஸ் வந்திருக்கவில்லை. அதற்கப்புறம் இருபத்தொன்பது வருஷம் அதைப் பற்றி ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மா பேசியிருக்கிறாள், சுவரைப் பார்த்துப் பேசுவாள், கடையத்துக்காரிக்கு ஆம்பளப்புள்ள பிறந்திருக்காம் என்று தங்கத்துக்கு மூன்று வயதில் யாரோ வந்து சொன்னதை, தங்கத்துக்கு முப்பது வயதான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள். கணக்குப் பார்த்தால் அதுதான் சிக்கல். தங்கத்துக்கு நாற்பத்தெட்டு. சொரிமுத்துவுக்கு நாற்பத்தொன்று. உச்சிமாகாளிக்கு நாற்பத்தைந்து. பின்னால் ஒட்டவைத்த வாலாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம், அவன் நடுவில் பிறந்திருக்கிறான். பேர் போடுவதென்றால் கடைசியில் செருக முடியாது, ரெண்டு பேரையும் விலக்கித்தான் போடவேண்டும். போட்டால் படிக்கிறவன் எவனும் கேட்பான், அப்போ மூத்த மகன் இவனா, அப்பாவுக்குக் கொள்ளி வைத்தது யாரு என்று.

கொள்ளி வைத்தது சொரிமுத்து. அன்றைக்குப் பகல் பதினோரு மணி இருக்கும், மஸ்கட்டிலிருந்து அவன் வந்து இறங்கி அழுது முடித்து உட்கார்ந்த நேரம். அப்பாவை வைத்திருந்த ஐஸ்பெட்டி கொஞ்ச நேரமாகவே முனகிக்கொண்டிருந்தது, அழுகைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஒருவனுக்குக் கேட்டது. தெருவில் எதிர்வீட்டுச் சுவரோரம் காலையிலிருந்தே நின்றுகொண்டிருந்த உச்சிமாகாளி நேராக உள்ளே வந்தான். முற்றத்து ஆணியில் தொங்கிய அப்பாவின் பையைத் திறந்து மரப்பிடி போட்ட நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். எங்கே தொங்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. முனையைப் பெட்டிக்குக் கீழே மோட்டாரில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அப்படித்தான் அப்பா கேட்பார். எந்தக் கிணற்றடியிலும் மோட்டாரைக் கழற்றுமுன் அப்படி ஒருமுறை கேட்டுவிட்டு, பேரிங் என்பார், புஷ் என்பார், சொன்னது சொன்னதாக இருக்கும். அவளுக்கும் சின்ன வயதில் காதில் வைத்துக் காட்டியிருக்கிறார், அரிசி களைகிற சத்தம் கேட்குதா, அப்போ பேரிங் நல்லாருக்கு. அந்த விளையாட்டு தன்னுடையது, தனக்கு மட்டுமானது என்று அவள் நினைத்திருந்தாள். கண்ணாடிக்கு உள்ளே அப்பாவின் மூக்கு. கண்ணாடிக்கு வெளியே, ஒரு முழத் தூரத்தில், அதே மூக்கு, உச்சியில் லேசாக வளைந்தது. உச்சிமாகாளி நிமிர்ந்து கூட்டத்தில் அவளை மட்டும் பார்த்து, டீச்சர், ஃபேன் பேரிங் போவுது, ரெண்டு மணி நேரம் தாங்காது என்றான். கால்மணி நேரத்தில் கழற்றி எண்ணெய் விட்டு மாட்டிவிட்டான். கையை வேட்டியில் துடைத்துவிட்டு, அப்போதுதான், முதல் தடவையாகக் கண்ணாடி வழியே அப்பாவைப் பார்த்தான்.

பக்கத்தில் இருந்த சொரிமுத்துவின் மாமியார், யாரு இது என்று கேட்டாள். தங்கம் சொன்னாள், அப்பாகிட்ட வேலை பாத்தவரு. பெரிய குரலில் சொல்லவில்லை. ஆனால் மோட்டாருக்குள் பேரிங் தேய்வதைத் தெருவில் நின்று கேட்ட காது அது, மூன்றடியில் இருந்ததைக் கேட்காமல் இருந்திருக்குமா. அவன் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பையில் வைத்து, பையை ஆணியில் மாட்டினான். சொந்தக்காரப் பெரியவர் ஒருவர், வேலை முடிஞ்சுதுல்லா, தள்ளி நில்லுப்பா என்றார். தள்ளி நின்றான். அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போகும்போது சொரிமுத்துவின் தலைக்கு மேல் நாலு பேர் வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவன் கும்பத்தில் தண்ணீர் எடுத்து வந்தான். அந்த வேட்டி நிழல் எதிர்வீட்டுச் சுவரைக் கடந்து போனது, சுவரோரம் நின்றவன்மேல் ஒரு நொடி விழுந்து நகர்ந்தது. அப்பனுக்கு மூத்தவன், ஆத்தாளுக்கு இளையவன் என்று கொள்ளிக்கு ஒரு கணக்கு உண்டு, ஊரில் எல்லாருக்கும் தெரியும். அன்று அங்கே நின்றவர்களில் பாதிப்பேருக்கு உச்சிமாகாளி யார் என்பதும் தெரியும். ஆளாளுக்குக் கும்பத்தையே பார்த்தார்கள். தங்கம் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள், பத்து நிமிஷம், சரியாக இருந்த முந்தானையை.

ஆன் அசிஸ்டன்ட் ஆஃப் மை ஃபாதர்ஸ். அன்று சொன்ன பொய்யை இங்கிலீஷில் போட்டுப் பார்த்தாள், வழுவழுவென்று வந்து விழுந்தது. இதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆஃப் வந்துவிட்டது, அதுவே உடைமை. அப்புறம் எதற்கு ஃபாதருக்குப் பின்னால் இன்னொரு ஸ், ஒரே சட்டைக்கு ரெண்டு பித்தான் வரிசை மாதிரி. எ ஃப்ரெண்ட் ஆஃப் அவர்ஸ் என்பார்கள், ஃப்ரெண்ட் ஆஃப் அஸ் என்பதில்லை. அப்படிச் சொன்னால் நமக்கு இருக்கிற பலரில் ஒருவன் என்று பொருள். மேலும் சிலர் இருக்கிறார்கள், இவன் அவர்களில் ஒருத்தன். எ சன் ஆஃப் மை ஃபாதர்ஸ். சரியான இங்கிலீஷ், அப்பாவின் மகன்களில் ஒருவன். எ பிரதர் ஆஃப் மைன். இதை அவள் வாழ்நாளில் சொன்னதே இல்லை, மை பிரதர் என்றே சொல்லிப் பழகியிருக்கிறாள், ஒருத்தன்தான் என்று கேட்கிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று. தூத்துக்குடிக்காரர்களிடமும் அப்படித்தான் சொன்னாள். மகள் சங்கரிக்கு வந்திருக்கிற வரன். நல்ல இடம், பையனும் சங்கரியும் பேசிப் பிடித்துப்போய்விட்டது. பையனின் அம்மா காபி குடித்துக்கொண்டே, உங்க அப்பாவுக்கு நீங்க எத்தனை பேரு என்று சாதாரணமாகக் கேட்டாள். ரெண்டு பேரு என்றாள் தங்கம். கேட்கப்பட்ட கேள்விக்கு எண்ணிக்கையோடு ஒரு பதில். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை பதினாறுக்கு வருகிறார்கள், அவர்களுக்கும் இந்தக் கார்டு போகவேண்டும். நடுவில் மூன்றாவது பேரைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள். அப்பாவைப் பற்றி நினைப்பதை விடு, செத்தவருக்கு என்ன. பெண்ணைப் பெற்றவள் முகத்துக்கு நேரே பொய் சொன்னாள் என்று நினைப்பார்களே. சங்கரியின் முகம் வாடினால் யாரிடம் போய்ச் சொல்வது. பயமாக இருந்தது. நேற்று ராத்திரி சொரிமுத்துவிடம் பேச்செடுத்தபோது அவன் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். நான்தானக்கா கொள்ளி வச்சேன், இனி மாத்தவா முடியும், நீ என்ன எழுதுனாலும் சரி என்று அவள் கையில் கொடுத்துவிட்டான். அவனுக்கும் உறுத்துகிறது என்று குரலில் தெரிந்தது.

“என்ன டீச்சர், ஒரு பேப்பரையே பார்த்துக்கிட்டு இருக்கிய” என்றாள் மெர்சி டீச்சர். இவர்கள் மேசைக்கு அவள்தான் தலைமை, ஆறு பேர் திருத்துவதையும் மேற்பார்வை பார்க்கவேண்டும். தங்கம் தாளைத் திருப்பிக் காட்டி, மூக்குக்கு அரை மார்க் கொடுக்கலாமா என்று கேட்டாள். மெர்சி டீச்சர் கண்ணாடியை ஏற்றிப் படித்துவிட்டுச் சிரித்தாள். சொல்ல வந்தது புரியுதுல்லா, பிறகென்ன, அண்ணன் தம்பி மூக்கு ஒண்ணுபோல இருந்தா நமக்கு என்ன நஷ்டம், குடுத்துட்டு அடுத்ததைப் பாருங்க, ஒரு மணிக்குள்ள பதினஞ்சு முடியணும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். தங்கம் அரை போட்டாள். போட்ட பிறகு இன்னொரு முறை படித்தாள். பிள்ளை அதோடு நிறுத்தவில்லை, ஹி கேம் ஆஃப்டர் ஃபைவ் இயர்ஸ், ஹி இஸ் ஸ்டாண்டிங் அவுட்சைட் அண்ட் லாஃபிங், ஐ சே கம் இன்சைட் என்று எழுதியிருந்தது. காலம் எல்லாம் குழப்பம், கேம் என்று தொடங்கி இஸ்ஸில் முடிகிறது. சிவப்புப் பேனா அந்த வரிக்குக் கீழே கோடு போடப் போய், போடாமல், அடுத்த பக்கத்துக்குப் போனது. ஒன்பது, பத்து, பதினொன்று. ஒரு தாளில் த டெயில்ஸ் ஆஃப் த டாக், ஒரே நாய்க்குப் பல வால். இன்னொன்றில் த மதர் ஆஃப் வீ. நாங்களின் அம்மா. பாவம், தனக்குத் தெரிந்த நாங்களைக் கூசாமல் கொண்டுவந்து வைத்திருக்கிறது. பதினாலு, பதினஞ்சு. மணி பன்னிரண்டு ஐம்பது.

டோக்கனைக் கொடுத்து செல்போனை வாங்கிக்கொண்டு வராந்தா ஓரத்துக்கு வந்தாள். டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு ஆசிரியர்கள் அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள், புளியோதரை வாசனை. தனியிடம் எதுவும் இல்லை. அச்சகத்துக்காரர் முதல் மணியிலேயே எடுத்தார். தமிழ்ப் பக்கம் ரெடி டீச்சர், உங்க பேரு, தம்பி பேரு, ரெண்டும் பளிச்சுன்னு நிக்கி, இங்கிலீஷ் சொன்னா ஓட்டிருவேன் என்றார்.

“மூணு பேரு. ஒண்ணு சேருது. உச்சிமாகாளின்னு போடுங்க.”

அந்தப் பக்கம் எழுதிக்கொள்கிற சத்தம். அதுக்கென்ன, கடைசியில எடம் கிடக்கு, கீழே போட்டிருதேன் என்றார் தாராளமாக.

“கீழ இல்ல. எனக்கு அடுத்தாப்ல, சொரிமுத்துக்கு மேல.”

“அப்போ அவரு மூத்தவருல்லா ஆகுதாரு” என்றார் அச்சகத்துக்காரர். இதோ, முதல் ஆள் கேட்டுவிட்டார். இனி தூத்துக்குடி கேட்கும், சொரிமுத்துவின் மாமியார் கேட்பாள், ஊர் கேட்கும். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரெண்டு பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. ஆமா என்றாள் தங்கம். எங்கப்பாவுக்கு மூத்த மகன். சொல்லிவிட்டாள், குரல் வகுப்பில் பேசுகிற குரலாகவே வந்தது. ரெண்டு பேருக்கும் நடுவில் எடம் இல்லையே டீச்சர், எழுத்தைச் சின்னதாக்கணும் என்று அவர் இழுத்தார். எல்லார் எழுத்தையும் ஒண்ணுபோலச் சின்னதாக்குங்க என்றாள். இங்கிலீஷுக்கு மூன்று பேரையும் வரிசையாகச் சொன்னாள், ஃபாதர் ஆஃப் இன்னார், இன்னார், இன்னார். அஸ்ஸும் வேண்டாம், அவர்ஸும் வேண்டாம், காலையிலிருந்து முட்டிமோதியதற்கு எவ்வளவு லேசாக முடிந்துவிட்டது. தூத்துக்குடிக்கு ஒரு கார்டு முதலில் எடுத்துவையுங்கள், சாயங்காலம் நானே கொண்டுபோகிறேன் என்றும் சொன்னாள். அவர்கள் படிப்பதற்கு முன்னால் தன் வாயால் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது.

அப்புறம் உச்சிமாகாளியைக் கூப்பிட்டாள். அவன் எடுத்தபோது பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம், எந்தக் கிணற்றடியோ. சொல்லுங்க டீச்சர் என்று கத்தினான்.

“ஞாயித்துக்கிழமை விடியமுன்ன வந்துரு. கார்டுல உன் பேரு போட்டாச்சு. உன் தம்பிக்கு முன்னால நீ உக்காரணும்.”

மோட்டார் மட்டும் ஓடியது. அவன் கேட்டானா இல்லையா என்று தெரியவில்லை. பிறகு சுவிட்சை அணைக்கிற சத்தம் வந்தது, மோட்டார் இறங்கி இறங்கி அடங்கியது, எங்கோ ஒரு தவிட்டுக்குருவி கத்துவதுகூடக் கேட்டது.

“இன்னொரு மட்டம் சொல்லுங்க” என்றான்.

அவள் இன்னொரு மட்டம் சொன்னாள்.